கையை எடு, மோளே

எங்கள் ஜெபக்குழுவில் உள்ள இளைய நர்ஸ்கள் என்னை ‘ரிட்டயர்டு சிஸ்டர்’ என்று கூப்பிடுகிறார்கள். வேலையை விட்டு இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. வயதும் அப்படியொன்றும் ஆகிவிடவில்லை. ஆனாலும் பட்டம் ஒட்டிக்கொண்டது. கிறிஸ்துமஸ் மலருக்குக் கட்டுரை கேட்டு, இங்கே வளைகுடாவில், மங்காஃபில் எங்கள் வீட்டுக்கு வந்தவள் ஜெனிபா. குளச்சல் பக்கத்துப் பெண். ஃபஹாஹீலில் நான் இருந்த அதே மருத்துவமனையில், அதே பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இப்போது இருக்கிறாள்.

“எதைப் பத்தி எழுதணும்?” என்று கேட்டேன்.

“கடவுள் கையில விட்டுடுறதப் பத்தி அக்கா. அதுக்கு நீங்கதான் சரியான ஆளுன்னு சொன்னாங்க.”

“யாரு சொன்னா?”

“அருள் அண்ணன்தான்.”

சமையலறையில் என் கணவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. கேலிதான். அடுப்பை அணைத்தேனா என்று லிஃப்டிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான். பார்த்துவிட்டுக் கீழே போனதும், பார்த்தது இன்றைக்கா நேற்றைக்கா என்று சந்தேகம் வரும். அப்படிப்பட்டவளிடம் போய் இந்தத் தலைப்பைக் கொடுத்தால் எப்படி? இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். மறுத்தால் ஜெனிபா வருத்தப்படுவாளோ என்ற பயம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசிவரை எழுதினால்தான் எனக்கே விளங்கும் என்று நினைக்கிறேன்.

நாகர்கோவிலில் படிப்பு, பிறகு சென்னையில் இரண்டு மருத்துவமனைகள், பிறகு பரீட்சை, ஏஜென்ட், விசா, விமானம். இங்குள்ள நர்ஸ்கள் எல்லோருக்கும் இதே கதைதான் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். உண்மையில் நான் நர்ஸ் ஆனது லீலாம்மா சிஸ்டரின் கீழேதான்.

லீலாம்மா சிஸ்டர் எங்கள் இன்சார்ஜ். கோட்டயத்துக்காரர். குள்ளமான உருவம். கடிகாரத்தைக் கையில் கட்டாமல் நெஞ்சில் தலைகீழாகக் குத்தியிருப்பார். நான் தமிழில் பேசினால் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பதில் சொல்வார். எங்களை ‘மோளே’, அதாவது மகளே, என்றுதான் கூப்பிடுவார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. நாங்கள் ஓடவும் விடமாட்டார். “நர்ஸ் ஓடினா அம்மாமார் செத்துப் போவாங்க” என்பார். அலாரம் அலறினாலும், குழந்தை நீலமாகப் போனாலும், எங்கள் பிரிவில் எல்லோரும் நடக்க வேண்டும். நடையில் வேகம் இருக்கலாம். முகத்தில் இருக்கக் கூடாது.

டியூட்டி மாறும்போது குழந்தையை ஒப்படைப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வேறு எந்த மருத்துவமனையிலும் நான் அதைக் கண்டதில்லை. போகிற நர்ஸ் இன்குபேட்டரின் மேல் ஒரு கையை வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் எடை, கொடுத்த மருந்து, ஓடுகிற டிரிப்ஸ் சொட்டு, குடித்த பால், போன மூத்திரம் எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். வருகிற நர்ஸ் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, பம்ப்பையும் ஊசி போட்ட இடத்தையும் குழந்தையின் கையில் கட்டிய பட்டையையும் தானே தொட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் லீலாம்மா சிஸ்டர் இரண்டு பேரையும் பார்த்து, “கலாஸ்?” என்று கேட்பார். இரண்டு பேரும் “கலாஸ்” என்று சொல்ல வேண்டும். சொன்னதும் போகிறவள் கையை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் குழந்தை அவளுடையது இல்லை. ஒரு வார்த்தை பேசக் கூடாது.

கலாஸ் என்ற சொல்லைப் பற்றி ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே வந்து முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற அரபிச் சொல் அது. முடிந்தது என்று அர்த்தம். டியூட்டி முடிந்தாலும் கலாஸ், கடையில் பால் தீர்ந்தாலும் கலாஸ், விசா காலாவதி ஆனாலும் கலாஸ். ‘போதும், சரி, விடு’ என்பதற்கும் அதே கலாஸ்தான். ஆள் இறந்துபோனாலும் நம் ஆட்கள் “கலாஸ் ஆயிட்டாரு” என்றுதான் சொல்வார்கள்.

எனக்கு அந்தக் கையை எடுப்பதுதான் சிரமம். கலாஸ் சொல்லிவிட்டுக் கதவுவரை போய்த் திரும்பி, “ஜோய், அந்த வலது கால் ஊசி கொஞ்சம்...” என்று ஆரம்பிப்பேன். ஜோய் என்பவள் பெரும்பாலும் எனக்கு அடுத்த டியூட்டியில் வருகிற ஃபிலிப்பைன்ஸ் பெண். எதற்கும் சிரிப்பாள். லீலாம்மா சிஸ்டர் சிரிக்க மாட்டார்.

“கொடுத்ததைத் திரும்ப வாங்கிட்டுப் போறியா மோளே? அப்போ நீயே நின்னோ. ஜோய், நீ ரூமுக்குப் போ.”

“இல்ல சிஸ்டர், சும்மா சொன்னேன்.”

“சும்மா சொல்லறதுக்கு இது பஸ் ஸ்டாப்பா? கையை எடு.”

கையை எடுப்பேன். ரூமுக்கு வந்து குளித்துவிட்டு வார்டுக்குப் போன் போடுவேன். என் எண்ணைப் பார்த்ததுமே ஜோய், “எஸ் மம்மி, யுவர் பேபி இஸ் ஸ்லீப்பிங்” என்பாள். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை.

அந்தக் காலத்தில் என் டியூட்டியில் ஒரு குழந்தை இறந்தது. பெஷாவர்க்காரர் ஒருவரின் மகன். அப்பா டாக்சி ஓட்டுகிறவர். செய்ய வேண்டியது எல்லாவற்றையும் செய்தோம். எதுவும் விட்டுப்போகவில்லை என்று டாக்டரும் சிஸ்டரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். குழந்தையைத் துடைத்து வெள்ளைத் துணியில் சுற்றி அந்த அப்பாவின் கையில் கொடுத்தது நான். அவர் குனிந்து முத்தம் கொடுத்துவிட்டு, “அல்லா கீ அமானத் தீ, சிஸ்டர்” என்றார். அல்லா நம்மிடம் கொடுத்து வைத்திருந்தது, எடுத்துக்கொண்டான் என்று பொருள். பிறகு என்னைப் பார்த்து உருதுவில், “நீங்கள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை போலிருக்கிறதே” என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ரூமுக்குப் போய், “எப்படி இந்த மனுஷனால இப்படிச் சொல்ல முடியுது? பெத்த பிள்ளைதானே!” என்று கூட இருந்தவர்களிடம் சத்தம் போட்டேன். அவர் அழுதிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

கல்யாணம் ஆகி அருள் இங்கேயே எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் ஒப்பந்த வேலைக்கு வந்தார். சைட்டில் வால்வு, பம்ப் பழுது பார்க்கிற டெக்னீஷியன். எங்களுக்குக் குழந்தை தங்க நாளானது. தங்கியபோது நான் எப்படி இருந்திருப்பேன் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு மாதத்தில் பிறக்கிற குழந்தைகளையே தினமும் பார்க்கிறவள் நான். என்ன என்னவெல்லாம் நடக்கலாம் என்று எனக்கு அத்தனையும் தெரியும். அதனால் ஜெபத்தில் கடவுளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவேன். ஆண்டவரே, பிரஷர் ஏறக் கூடாது. தண்ணீர்க்குடம் உடையக் கூடாது. நஞ்சுக்கொடி கீழே இறங்கக் கூடாது.

பக்கத்தில் முழங்காலில் நிற்கிற அருளுக்குச் சிரிப்பு தாங்காது. “ஏட்டி, கடவுளுக்கே டியூட்டி போட்டுக் குடுக்கியா? அவருக்கு ஒண்ணும் தெரியாதா?”

“நீங்க சும்மா இருங்க. விட்டுப்போயிரும்.”

“விட்டுப்போனா அவரு போன் பண்ணிக் கேப்பாரு. பேடிக்காம படு.”

நான் சொல்லிக்கொடுத்த எதையும் கடவுள் கேட்கவில்லை. ஏழாம் மாதத்தில் பிரஷர் ஏறியது. அவசரமாக அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. என் உள்ளங்கையில் தலையும் முழங்கையருகே காலுமாக அடங்கிவிடுகிற அளவு. மயக்கம் தெளிந்து சக்கர நாற்காலியில் என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது, நான் இத்தனை வருடம் நின்ற அதே அறையில், ஜன்னலோரத்து இன்குபேட்டரில் அவள் இருந்தாள்.

மறுநாளே நான் எழுந்து போய் ஓடுகிற சொட்டைப் பார்த்தேன், பம்ப்பைப் பார்த்தேன், மானிட்டரில் அலாரம் அளவைத் திருத்தப் போனேன். லீலாம்மா சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“சுஜி. இங்கே உனக்கு டியூட்டி இல்ல. நீ அழலாம், பாடலாம், ஜெபிக்கலாம், எங்களைத் திட்டலாம். மிஷினைத் தொடக் கூடாது.”

“பார்க்க மட்டும் செய்யறேன் சிஸ்டர்.”

“பார்க்கவும் வேண்டா.”

என் நாற்காலியை மானிட்டருக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டார். நான் கெட்டிக்காரி. இன்குபேட்டர் கண்ணாடியில் மானிட்டர் எண்கள் இடவலம் மாறி விழுவதைக் கண்டுபிடித்துவிட்டேன். அரை நாள் அப்படிப் படித்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் ஒரு துண்டை எடுத்து வந்து, எண்கள் விழுகிற இடத்தின் மேல் போட்டுவிட்டுப் போனார். ஜோய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சில நாட்கள் நல்லபடியாகப் போயின. மூச்சுக் குழாயை எடுத்தார்கள். என் பாலைச் சொட்டுச் சொட்டாகக் குழாய் வழியே வயிற்றுக்குக் கொடுத்தார்கள். நான் தைரியம் வந்தவளாக அருளிடம், “ஆண்டவர் கையில விட்டுட்டேன்” என்றுகூடச் சொன்னேன். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு காலையில் ஜோய் பால் கொடுப்பதற்கு முன், வழக்கம்போல வயிற்றில் மிச்சம் இருப்பதைச் சிரிஞ்சில் இழுத்துப் பார்த்தாள். பச்சையாக வந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நாடாவை எடுத்து வயிற்றின் சுற்றளவைப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். நடந்துபோய் சிஸ்டரிடம் சொன்னாள். நடந்துதான் போனாள்.

வயிறு கொஞ்சம் மினுமினுப்பாக இருப்பது முந்தின மாலையிலேயே என் கண்ணில் பட்டிருந்தது. டயப்பர் இறுக்கம்தான் என்று நானே சொல்லிக்கொண்டேன். மற்றவர்களின் குழந்தையாக இருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குப் பார்க்க வேண்டியது தெரியவில்லை. நான் போன் போட்டு நச்சரித்த ஜோய்க்குத்தான் தெரிந்தது.

குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழற்சி வரும். சிலருக்குப் பாலை நிறுத்தி மருந்து கொடுத்தால் சரியாகிவிடும். சிலருக்குக் குடலில் ஓட்டை விழுந்துவிடும். அப்படியானால் ஆபரேஷன்தான்; எங்கள் மருத்துவமனையில் அதற்கு வசதி இல்லை. ஆம்புலன்ஸில் வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அத்தனை சின்னக் குழந்தை அந்தப் பயணத்தையும் தாங்க வேண்டும், கத்தியையும் தாங்க வேண்டும். பாலை நிறுத்தினார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். எங்கள் டாக்டர் எகிப்துக்காரர், நல்ல மனிதர். “இன்னும் தெளிவாக இல்லை. மதியம் மறுபடி எடுப்போம். சர்ஜனிடம் பேசி வைக்கிறேன்” என்று சொன்னார்.

அவர் போனதும் லீலாம்மா சிஸ்டர் என் அருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததே எனக்குப் பயமாக இருந்தது.

“மோளே, ஞானஸ்நானம் கொடுக்கணுமா?”

ஆபத்து நேரத்தில் குருவானவர் வர முடியாவிட்டால் யாரும் கொடுக்கலாம். எங்கள் பிரிவில் கிறிஸ்தவப் பெற்றோர் கேட்டுக்கொண்டால் சிஸ்டரே செய்வார். நானும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஆனால் நான் பார்த்தவை எல்லாம் கடைசி நேரத்தில் நடந்தவை. தண்ணீரை ஊற்றினோம், கொஞ்ச நேரத்தில் துணியைச் சுற்றினோம். அந்த இரண்டும் என் மனதில் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. இப்போது சரி என்று சொன்னால், கடவுளிடம் ‘எடுத்துக்கொள்ளும்’ என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

“வேண்டாம் சிஸ்டர். நல்லாயிருவா. கோவில்ல வச்சு, வெள்ளை கவுன் போட்டுக் குடுப்போம்.”

“சரி. உன் இஷ்டம்” என்றார். வற்புறுத்தவில்லை. எழுந்துபோனார்.

அருளுக்குச் சொல்லியாயிற்று. சைட்டிலிருந்து வெளியே வரப் பாஸ் வாங்கி, சூப்பர்வைசரைப் பிடித்து, வண்டி கிடைத்து வர வேண்டும். மதியம் எக்ஸ்ரே மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்ததும் என்னை வெளியே அனுப்பினார்கள். கதவுக்கு எதிரே ஒரு வரிசை நாற்காலி உண்டு. எத்தனையோ அம்மாக்களை நான் அங்கே உட்காரச் சொல்லியிருக்கிறேன். அதில் உட்கார்ந்துகொண்டு, கடவுளுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தேன். குடலில் ஓட்டை விழக் கூடாது. பிளேட்லெட் இறங்கக் கூடாது. கையில் போட்ட ஊசி நழுவக் கூடாது.

சுத்தம் செய்கிற பங்களாதேஷ் பாய் தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். கதவு திறந்து, கொஞ்ச நேரம் திறந்தே நின்றது. உள்ளே டாக்டர் போனில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

“லா, லா. மாஃபிஷ் அமலிய்யா. கலாஸ் யா டாக்டர், கலாஸ்.”

கதவு மூடிக்கொண்டது.

இல்லை, ஆபரேஷன் இல்லை. முடிந்தது, டாக்டர், முடிந்தது.

எனக்குத் தெரிந்த அரபிக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். இனி சர்ஜன் தேவையில்லை. செய்ய ஒன்றுமில்லை.

நான் கத்தவில்லை. எழுந்து உள்ளே போகவும் இல்லை. முதலில் நினைவுக்கு வந்தது ஞானஸ்நானம்தான். கேட்டார்களே, வேண்டாம் என்று சொல்லிவிட்டேனே, ஒரு பெயர்கூட வைக்காமல் அனுப்பிவிட்டேனே என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எதை நினைப்பது என்று தெரியவில்லை. கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஊசி நழுவினால் என்ன, பிளேட்லெட் இறங்கினால் என்ன? இத்தனை மாதங்களில் முதல் தடவையாக என் வாயில் கடவுளுக்குச் சொல்ல ஒரு வேலைகூட இல்லை. ஆனால் அவர் அங்கே இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. “உம்ம பிள்ளைதானே, பார்த்துக்கிடும்” என்று சொன்னேன். சொன்னது நான்தான், ஆனால் என் குரல் மாதிரி இல்லை. எத்தனை நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது.

கதவு திறந்து லீலாம்மா சிஸ்டர் வந்தார். அவர் நடையை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. வழக்கம்போல மெல்ல வந்தார்.

“எந்தா மோளே இப்படி இருக்கே?”

“சிஸ்டர், துணி சுத்தியாச்சா? அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை தூக்கணும்.”

“ஏது துணி?”

“கலாஸ்னு டாக்டர் சொன்னது கேட்டுது.”

சிஸ்டர் தன் யூனிஃபார்மின் முன்பக்கத்தைப் பிடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஈரமாக இருந்தது.

“உன் மகள் இப்போ என் மேலே மூத்திரம் விட்டிருக்கா. டயப்பர் மாத்தப் போனேன், விட்டுட்டா. வயிறு தளர்ந்திருக்கு. எக்ஸ்ரேல ஓட்டை இல்ல. சர்ஜன் வேண்டா, ஆபரேஷன் வேண்டா, மருந்து போதும்னு டாக்டர் சொன்னார். அதுதான் உன் கலாஸ். எத்தனை வர்ஷமா அரபி கேக்கறே நீ?”

நான் அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தேன். முகர்ந்துகூடப் பார்த்தேன் என்று ஜோய் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறாள். இருக்கலாம். பிறகு சிஸ்டரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு சத்தமாக அழுதேன். “கரையாதே, கரையாதே” என்று என் தலையில் தட்டிக்கொண்டே இருந்தார். மலையாளத்தில் அது அழாதே என்பது. எனக்குத் தமிழில்தான் கேட்டது. நிஜமாகவே கரைந்துகொண்டிருந்தேன்.

அருள் வந்து சேர்ந்தபோது வேலை உடுப்பில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முதலில் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு, “கடவுளும் அரபியில பேசத் தொடங்கினா நம்ம கதி என்ன?” என்றார்.

“அபாயம் முழுசாத் தாண்டலையாம். இன்னும் ரெண்டு மூணு நாள் பார்க்கணுமாம்” என்றேன். “நாம இப்பவே ஞானஸ்நானம் குடுத்துருவோம்.”

“காலையில வேண்டாம்னு சொன்னியாமே?”

“காலையில பயந்துட்டு வேண்டாம்னேன்.”

“இப்ப பயம் இல்லியா?”

“இருக்கு. ஆனா குடுத்துருவோம்.”

சிஸ்டர் செய்வார் என்று நினைத்தேன். அவர், “அப்பன் இங்கே இருக்கும்போ நான் எதுக்கு?” என்று சொல்லிவிட்டார். அருளை முழங்கைவரை கழுவச் சொன்னார். நகத்தில் கிரீஸ் இருந்தது; பிரஷ்ஷால் தோல் சிவக்கும்வரை தேய்க்க வைத்தார். ஊசி மருந்து கலக்குகிற சுத்தமான தண்ணீரை ஊசி மாட்டாத சிரிஞ்சில் எடுத்து, குளிர் போகட்டும் என்று தன் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்துக் கொடுத்தார். அருள் இன்குபேட்டரின் வட்டக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டார். பெரிய பெரிய வால்வுகளைக் கழற்றிப் பூட்டுகிற கை. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டு. அஞ்சலின் என்று பெயர் சொன்னார். அவள் நெற்றியைச் சுருக்கினாள். வழிந்த தண்ணீரை சிஸ்டர் பஞ்சால் ஒற்றி எடுத்து, “துணி நனைஞ்சா குளிரும்” என்று மட்டும் சொன்னார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் மனது உறுத்தும். என் மகள் பிழைத்தாள். அதனால் இதை எழுதுகிறேன். பெஷாவர்க்காரரின் மகன் பிழைக்கவில்லை. என் ஜெபம் கேட்கப்பட்டது, அவருடையது கேட்கப்படவில்லை என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் என்னைவிட நன்றாக ஜெபித்திருப்பார். ஏன் அப்படி, ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாது. அந்த நாற்காலியில் என் பிள்ளை போய்விட்டாள் என்று நம்பி உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் அவர் சொன்ன வார்த்தையின் பொருள் எனக்குக் கொஞ்சம் எட்டியது. மரத்துப்போனவர் பேசுகிற பேச்சு என்று அன்றைக்கு நினைத்திருந்தேன். அது அப்படியில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் போன பிறகும் யாரிடமோ பேசிக்கொண்டிருக்க முடிந்தவரின் பேச்சு. நிஜமாகவே அவளை இழந்திருந்தால் மறுநாளும் நான் அப்படிப் பேசியிருப்பேனா? சொல்லத் தெரியவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று என்னை யாரும் கேட்காததே பெரிய இரக்கம் என்று நினைக்கிறேன்.

பிறகு நடந்ததெல்லாம் மெதுவான நல்ல செய்திகள். வயிறு இறங்கியது. பச்சை நின்றது. மறுபடி பால் ஆரம்பித்த அன்று நான் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் ஜோய் பாலைக் கொடுத்து முடித்துக் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தாள். வயிற்றில் மிச்சம் இருந்ததா, என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவில்லை, கேட்கத் தோன்றவில்லை. அவளே ஏமாந்துபோய், “மம்மி, நோ கொஸ்சன்?” என்றாள்.

வேலையை ஏன் விட்டேன் என்று ஜெனிபா கேட்டாள். அஞ்சலினுக்கு நுரையீரல் கொஞ்சம் பலவீனம். முதல் இரண்டு வருடம் கூட்டத்தில் விடக் கூடாது என்றார்கள். அதுதான் காரணம். பயந்து ஓடி வந்துவிட்டேனோ என்று சில நாள் தோன்றும். மறுநாள் தோன்றாது. அவள் பெரியவளானதும் திரும்பிப் போவேனோ என்னவோ. ஜெனிபாவுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நாற்காலியில் இருக்கிற அம்மாக்கள் கேட்கும்படி அரபியில் போன் பேசாதே. பேசினால், வெளியே போய் என்ன பேசினாய் என்று அவர்கள் மொழியில் சொல்லிவிட்டு வா.

அஞ்சலினை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். மானிட்டர் இல்லை, அலாரம் இல்லை, ஒயர் இல்லை. அவளுடைய மார்பு ஏறி இறங்குவதைக் காட்டுகிற எண் எதுவுமே இல்லாமல், துணியில் சுற்றிய அவளைக் குழந்தை இருக்கையில் வைத்துப் பட்டையை மாட்டி, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். அருள் வண்டியை மாட்டுவண்டி மாதிரி ஓட்டினார். ஃபஹாஹீல் கடற்கரைச் சாலையில் எல்லோரும் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். மங்காஃப் திரும்புகிற சிக்னலில் சிவப்பு விழுந்தது. நான் ஒரு விரலை அவள் மூக்கருகே கொண்டுபோனேன். சூடாக ஒரு சின்னக் காற்று பட்டது. கண்ணாடியில் அருள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூச்சு இருக்கா?”

“இருக்கு.”

“இன்னொருக்கா பாரு.”

குரல் உடைந்திருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாள் என்னைக் கேலி செய்துகொண்டே இருந்தவர், எங்கேயும் அழ இடம் கிடைக்காமல் சைட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறார். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

நான் இன்னொரு முறை பார்க்கவில்லை.

“பச்சை விழுந்தாச்சுங்க,” என்றேன். “வண்டிய எடுங்க.”